அரசியல் சாசனத்தில் சமரசம் எங்கே இருக்கிறது? மதுரைப் பக்கத்து உதாரணங்களோடு ஓர் எளிய விளக்கம்

உசிலம்பட்டி முன்சீப் கோர்ட்டில் ஒரு நிலத் தகராறு முழுக்கத் தமிழிலேயே நடக்கலாம். பிராது தமிழில், சாட்சியம் தமிழில், தீர்ப்பும் தமிழில். அதே வழக்கு இரண்டாம் மேல்முறையீடாக ஒத்தக்கடை அருகே உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. வழக்குப் போட்டவருக்கும் எதிராளிக்கும் வக்கீலுக்கும் தமிழ்தான் தாய்மொழி என்றாலும் இதுதான் நடைமுறை. இதற்குக் காரணம் அரசியல் சாசனத்தின் 348-ஆம் பிரிவு. பாராளுமன்றம் வேறு சட்டம் இயற்றும் வரை உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம் என்கிறது அதன் முதல் உட்பிரிவு. குடியரசுத் தலைவரின் முன் அனுமதியோடு ஆளுநர் மாநில மொழியையும் உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் அனுமதிக்கலாம் என்கிறது இரண்டாவது. ஆனால் அந்த அனுமதி தீர்ப்புகளுக்குச் செல்லாது என்று அதற்கடுத்த வாசகமே வரம்பு கட்டுகிறது.

ஒரே பிரிவில் இத்தனை முடிச்சு எதற்கு? 1949-இல் ஒரு தரப்பு இந்தி வேண்டும் என்றது, இன்னொரு தரப்பு ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்றது, மூன்றாவது தரப்பு மாநில மொழிக்கு இடம் கேட்டது. மூவரும் எழுந்து போய்விடாமல் இருக்க, மூவருக்கும் ஒரு வாசகம் எழுதப்பட்டது. சாசனச் சமரசம் என்பது இதுதான். முரண்பட்ட கோரிக்கைகள் ஒரே பக்கத்தில் குடியிருக்கும்படி சட்ட வாசகம் அமைப்பது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களுக்கு இந்தியைப் பயன்படுத்த அந்த அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியும் கிடைக்கவில்லை. இடையில், 1965-இல், இப்படிப்பட்ட கோரிக்கைகளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று மத்திய அமைச்சரவைக் குழு முடிவெடுத்திருந்தது. சாசனத்தில் எழுதாத ஒரு படி அப்படி வந்து சேர்ந்தது. ஒரு சமரச வாசகம் எழுதப்பட்ட நாளில் முடிவதில்லை. அதை யார் இயக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பொருள் பின்னாளில் உருவாகிறது.

சமரசம் என்றதும் பலர் "கொள்கையை விற்றுவிட்டார்கள்" என்று கோபப்படுகிறார்கள். வேறு பலர் "எல்லோரும் ஒருமனதாக எழுதிய புனித நூல்" என்று கைகூப்புகிறார்கள். இரண்டுமே சாசனத்தைப் படிக்க உதவாது. எந்த வகைச் சமரசம், எந்தக் கருவியால் செய்யப்பட்டது, அந்தக் கருவி எங்கே உடையும் என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், நாளிதழில் வரும் பாதி அரசியல் சண்டைகளின் வேர் கண்ணுக்குத் தெரியும்.

பேரம் நடந்த இடங்கள்

முதலில் சபையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாசனத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-இல் கூடியது. திட்டமிட்ட உறுப்பினர் எண்ணிக்கை 389. பிரிவினைக்குப் பிறகு 299. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள், அந்தச் சட்டமன்றங்களுக்கே சொத்தும் படிப்பும் வரியும் பார்த்து ஒரு சிறு பகுதியினருக்குத்தான் அப்போது ஓட்டுரிமை இருந்தது. சமஸ்தானங்களின் பிரதிநிதிகள் தனியாக வந்து சேர்ந்தார்கள்.

வேலை படிப்படியாக நடந்தது. அடிப்படை உரிமைகள், சிறுபான்மையினர், மத்திய அரசின் அதிகாரங்கள், மாகாண அரசியலமைப்பு என்று தலைப்புவாரியாகக் குழுக்கள் அறிக்கை கொடுத்தன. சபை கொள்கை அளவில் அவற்றை ஏற்றது. அதை வைத்து சாசன ஆலோசகர் பி.என்.ராவ் முதல் வரைவைத் தயாரித்தார். 1947 ஆகஸ்ட் 29-இல் அமைக்கப்பட்ட, அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு அதைச் சீர்செய்து 1948 பிப்ரவரியில் வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 4-இல் அம்பேத்கர் அதைச் சபையில் வைத்தார். பிறகு பிரிவு பிரிவாக விவாதம். தாக்கலான திருத்தங்கள் சுமார் 7,600, அவையில் உண்மையில் முன்மொழியப்பட்டவை 2,473. 1949 நவம்பர் 26-இல் 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் ஏற்கப்பட்டன.

தொடக்கத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அச்சான விவாதத் தொகுதிகளைத் திறந்து, அங்கே பேசியதுதான் பேரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அவையில் பேசியது பெரும்பாலும் முடிவின் அறிவிப்பு. பேரம் நடந்தது குழு அறைகளிலும், அதைவிட அதிகமாகக் காங்கிரஸ் கட்சியின் உள்கூட்டங்களிலும்.

சபையில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இருந்ததே, ஏன் சமரசம் செய்ய வேண்டும்? நல்ல கேள்வி. அந்தக் கட்சிக்குள்ளேயே இந்தி ஆர்வலர், தென்னிந்தியர், ஜமீன் ஆதரவாளர், சோஷலிஸ்ட், கிராமராஜ்யம் கேட்ட காந்தியவாதி, வலுவான மத்திய அரசு கேட்டவர் எல்லோரும் இருந்தார்கள். அம்பேத்கர் போல வெளியிலிருந்து வந்தவர்களும் முக்கியப் பொறுப்பில் இருந்தார்கள். அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஓட்டில் ஜெயித்த ஒரு வாசகத்தைத் தோற்றவர்கள் தங்கள் ஊரில் நடக்கவிடாமல் செய்ய முடியும். மொழி விவாதத்தைத் தொடங்கும்போது சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் எச்சரித்தது இதைத்தான். பெரும்பான்மை ஓட்டில் ஒரு முடிவை எடுத்துவிடலாம், ஆனால் நாட்டின் ஒரு பகுதி அதை ஏற்காவிட்டால் அதை நடைமுறைப்படுத்துவது மிகக் கடினம் என்றார்.

சமரசமே செய்யாத இடங்களும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 21 வயதான (இப்போது 18) எல்லோருக்கும் ஓட்டு என்ற 326-ஆம் பிரிவுக்கு "படித்தவருக்கு மட்டும்", "படிப்படியாக" என்ற வால் எதுவும் ஒட்டவில்லை. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவிலும் "ஆனால்" என்று தொடங்கும் வாசகம் கிடையாது. எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தவர்கள் இந்த இரண்டில் விட்டுக்கொடுக்கவில்லை என்பது எங்கள் கணக்கில் அந்தச் சபையின் மிகப் பெரிய சாதனை.

காலக்கெடு என்ற கருவி: மொழிப் பிரிவுகள்

மொழிச் சமரசம்தான் பாடம் படிக்க ஏற்றது. இதில் ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் ஒரே இடத்தில் கிடக்கின்றன.

ஒரு பக்கம் புருஷோத்தம் தாஸ் தாண்டன், சேட் கோவிந்த தாஸ் போன்றவர்கள். இந்தியே மொழி, தேவநாகரியே எழுத்து, எண்களும் தேவநாகரியிலேயே, அதுவும் சீக்கிரம் என்றார்கள். மறுபக்கம் சென்னை மாகாணத்தின் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, கே.சந்தானம், டி.ஏ.ராமலிங்கம் செட்டியார் போன்றவர்கள். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை வடக்கத்திய நண்பர்களே முடிவு செய்யட்டும் என்ற பொருளில் கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பரிலேயே பேசியிருந்தார். கே.எம்.முன்ஷியும் என்.கோபாலசாமி அய்யங்காரும் இணைந்து தயாரித்த சூத்திரம் 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது.

அதிலிருந்து வந்த 343-ஆம் பிரிவை வரிவரியாகப் பாருங்கள். முதல் உட்பிரிவு, ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்தில் இந்தி என்கிறது. இது முதல் தரப்புக்கு. அதே உட்பிரிவு, எண்கள் மட்டும் 1, 2, 3 என்ற சர்வதேச வடிவில் இருக்கும் என்கிறது. இது தெற்குக்கு. எண்ணில் என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றலாம். இரயில் அட்டவணை, வங்கிக் கணக்கு, அரசுத் தேர்வு எல்லாவற்றிலும் எண் இருக்கிறது. எண்ணை விட்டுக்கொடுத்தால் அடுத்து எல்லாம் போகும் என்று இரு தரப்புமே நினைத்ததால், அந்த ஒரு சொற்றொடருக்காக மிகக் கடுமையாக மோதினார்கள். இரண்டாம் உட்பிரிவு, 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் முன்போலவே தொடரும் என்கிறது. மூன்றாவது, அந்த 15 ஆண்டுக்குப் பிறகும் ஆங்கிலத்தைத் தொடரப் பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. 344-ஆம் பிரிவு 5 ஆண்டிலும் 10 ஆண்டிலும் ஆணையம் அமைக்கச் சொல்கிறது. எட்டாவது அட்டவணை அன்று தமிழ் உட்பட 14 மொழிகளைப் பட்டியலிட்டது.

"தேசிய மொழி" என்ற சொல் இந்தப் பிரிவுகளில் எங்கும் கிடையாது என்பதையும் கவனியுங்கள். ஆட்சிமொழி என்று மட்டும் எழுதியதே ஒரு விட்டுக்கொடுத்தல்தான். போட்டித் தேர்வு எழுதுபவர்கள்கூட இதில் தவறுகிறார்கள்.

இனி, எங்கே உடைந்தது? 15 ஆண்டு என்ற காலக்கெடு இரு தரப்புக்கும் வெவ்வேறு பொருளில் கேட்டது. வடக்குக்கு, "15 ஆண்டில் ஆங்கிலம் போய்விடும்". தெற்குக்கு, "15 ஆண்டு முடியும்போது மறுபடி பேசலாம்". வாசகம் இரண்டுக்குமே இடம் கொடுத்தது, அதனால்தான் இரு தரப்பும் ஏற்றுக்கொண்டது. ஆனால் கெடு முடியும் நாளில் யார் சம்மதம் தேவை என்று அது சொல்லவில்லை. நம் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் "கிணறு பொதுவில் இருக்கும், முறை பின்னால் பேசிக்கொள்வது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அண்ணன் தம்பி இருக்கும் வரை ஓடும், பேரன்மார் காலத்தில் கோர்ட்டுக்குப் போகும். 343-க்கு நேர்ந்ததும் அதுதான்.

1963-இல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் பயன்படுத்தப்பட"லாம்" என்றது அது. தொடர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை, அந்த ஒரு விகுதிதான் தமிழ்நாட்டை அச்சப்படுத்தியது. கெடு முடியும் நாள் 1965 ஜனவரி 26. அதற்கு முந்தைய நாள், ஜனவரி 25-இல், மதுரையில் மாணவர் ஊர்வலத்தினருக்கும் காங்கிரஸ் கட்சியினருக்கும் ஏற்பட்ட மோதல் கலவரமாகி மாநிலமெங்கும் பரவியது. உயிர்ச் சேதம் நிறைய. மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி பிப்ரவரி 11-இல் வானொலியில் உறுதிமொழி தந்தார்.

உடைந்ததை எப்படிச் சரிசெய்தார்கள் என்பது இன்னும் முக்கியம். 1967-இல் நிறைவேறிய திருத்தம் ஆட்சிமொழிகள் சட்டத்தின் 3(5) பிரிவை மாற்றியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் போட வேண்டும், அதன்பின் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே தீர்மானம் போட வேண்டும், அதுவரை ஆங்கிலம் நீடிக்கும். இப்போது தேதி எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, யார் கையில் சாவி என்பது தெளிவாக இருக்கிறது. 1949-இன் சமரசத்தைவிட 1967-இன் சமரசம் வலுவானது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். இதிலும் ஒரு குறை உண்டு. இது சாதாரணச் சட்டம், சாசனத்தின் பகுதி இல்லை, பாராளுமன்றம் நினைத்தால் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம்.

காலக்கெடு வைப்பது இந்தியாவின் கண்டுபிடிப்பு கிடையாது. 1787-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க சாசனத்தை எழுதியவர்கள், அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 வரை தடை செய்யக் கூடாது என்று எழுதி, அதுவரை அந்த வாசகத்தைத் திருத்தவும் முடியாதபடி பூட்டினார்கள். அந்த ஆண்டு பிறந்ததும் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அடிமை முறை மட்டும் உள்நாட்டுப் போர் வரை நீடித்தது. கெடு எதற்கு வைக்கப்பட்டதோ அது மட்டுமே கெடுவோடு முடியும்.

இன்னொரு காலக்கெடு: தனித்தொகுதிகள்

மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த பி.கக்கன் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். 1939 ஜூலை 8-இல் அ.வைத்தியநாத அய்யரோடு, தீண்டாமைத் தடையை உடைத்து மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அவர் இருந்த சபை தனித்தொகுதி பற்றி எடுத்த முடிவு, இன்றைக்கும் நம் ஊர்த் தேர்தல்களை வடிவமைக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல் இருந்தது, முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள். 1947 ஆகஸ்டில் சபை அந்த முறையை நீக்கியது. சென்னை மாகாணத்தின் பி.போக்கர் அதைத் தக்கவைக்கக் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. அதற்குப் பதிலாக, பொதுவான வாக்காளர் பட்டியல், ஆனால் சிறுபான்மையினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் இட ஒதுக்கீடு என்று ஒரு நடுவழி ஏற்கப்பட்டது. 1949 மே மாதம் மத அடிப்படையிலான இட ஒதுக்கீடும் கைவிடப்பட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மட்டும் நின்றது.

இதன் இயக்கம் எளிது. தனித்தொகுதியில் வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஓட்டு எல்லாச் சாதியினரும் போடுவார்கள். லாபம், உறுதியான பிரதிநிதித்துவம். விலை, வெற்றி மற்ற சாதியினரின் ஓட்டையும் சார்ந்திருக்கிறது. 334-ஆம் பிரிவு இதற்கு 10 ஆண்டு என்று கெடு வைத்தது. ஒவ்வொரு 10 ஆண்டிலும் ஒரு சாசனத் திருத்தம் அதை நீட்டித்தது. கடைசியாக 104-ஆவது திருத்தம் 2030 ஜனவரி வரை நீட்டித்திருக்கிறது. அதே திருத்தத்தில் ஆங்கிலோ இந்தியருக்கான நியமன இடங்கள் நீட்டிக்கப்படவில்லை, அவை முடிந்துவிட்டன.

கல்வியிலும் வேலையிலும் இருக்கும் இட ஒதுக்கீட்டுக்கு இந்த 10 ஆண்டுக் கெடு கிடையாது. டீக்கடை விவாதங்களில் ஓயாமல் கேட்கும் "அம்பேத்கர் பத்து வருஷம்தானே சொன்னார்" என்ற வாதம் 334-ஐ மற்றவற்றோடு குழப்புவதால் வருவது. வேலைக்கான ஒதுக்கீடு 16(4)-இல் இருக்கிறது, அங்கே தேதியே இல்லை.

சொல்லைத் திறந்துவைத்தல்: "பின்தங்கிய வகுப்பு"

16(4) வேறொரு கருவியைக் காட்டுகிறது. வரைவில் இது 10-ஆம் பிரிவு. அரசு வேலையில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத "பின்தங்கிய வகுப்புக் குடிமக்களுக்கு" ஒதுக்கீடு செய்யலாம் என்பது வாசகம். பின்தங்கிய வகுப்பு என்றால் யார்? எழுதவில்லை. 1948 நவம்பர் 30-இல் பலர் எழுந்து கேட்டார்கள். இது வக்கீல்களின் சொர்க்கமாகிவிடும் என்று கிருஷ்ணமாச்சாரி எச்சரித்தார்.

அம்பேத்கரின் பதில் வரைவுக் கலையின் நேர்மையான விளக்கம். மூன்று கருத்துகள் இருக்கின்றன என்றார் அவர். எல்லோருக்கும் சம வாய்ப்பு வேண்டும். அப்படியானால் எந்தச் சாதிக்கும் ஒதுக்கீடு இருக்கக் கூடாது. அதேசமயம் இதுவரை ஆட்சியில் இடமே கிடைக்காத சமூகங்களுக்கு வழி வேண்டும். முதலிரண்டையும் அழிக்காமல் மூன்றாவதற்கு இடம் தர, "பின்தங்கிய" என்ற அடை தேவைப்பட்டது, ஒதுக்கீடும் குறைந்த பங்குக்குள் நிற்க வேண்டும். யார் பின்தங்கியவர் என்பதை அந்தந்த அரசு தீர்மானிக்கும் என்றார்.

இது ஏன் அவசியமானது? வடக்கில் "பின்தங்கிய வகுப்பு" என்ற பேச்சே அப்போது பல இடங்களில் புதிது. சென்னை மாகாணத்திலோ வகுப்புவாரி அரசாணை 1920-களிலிருந்தே நடைமுறையில் இருந்தது. கடைசி வடிவில் அந்த அரசாணையின் கணக்கு இது: 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிமுக்கு 1. இப்படி மாகாணத்துக்கு மாகாணம் நிலைமை வேறுபட்டபோது, ஒரே வரையறையை எழுதியிருந்தால் ஏதோ ஒரு பகுதி வெளியேறியிருக்கும்.

ஆனால் வரைவில் ஓர் ஓட்டை விழுந்தது. 16(4) வேலைக்கு மட்டும். கல்லூரிச் சேர்க்கைக்கு அதைப் போன்ற வாசகம் எங்கும் இல்லை. 29(2)-ஆம் பிரிவோ, அரசுக் கல்வி நிலையங்களில் சாதி, மதத்தை மட்டும் காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்றது. மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி இடங்களில் வகுப்புவாரி ஆணையை எதிர்த்து வழக்கு வந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கு அது. உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9-இல் ஆணை செல்லாது என்றது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனை வளர்க்கச் சொல்லும் 46-ஆம் பிரிவை அரசு காட்டியபோது, அது வெறும் வழிகாட்டு நெறி, அடிப்படை உரிமையை மிஞ்சாது என்றது நீதிமன்றம். தமிழ்நாடு கொதித்தது. அந்த ஜூன் மாதமே முதல் திருத்தம் வந்து 15(4) சேர்க்கப்பட்டது. சாசனம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை.

இதிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டியது நுட்பமானது. ஒரு சமரசத்தை ஒரு பிரிவில் எழுதினால், அதே பிரச்சினை தலைகாட்டும் பக்கத்துப் பிரிவுகளிலும் அதை எழுதியாக வேண்டும். விட்டுவிட்டால், எழுதியவர்கள் வேண்டுமென்றே விட்டார்கள் என்றுதான் நீதிமன்றம் படிக்கும்.

சொத்துரிமையிலும் இதே கதை. ஜமீன் நிலத்தை எடுத்தால் ஈடு தர வேண்டும் என்றார்கள், எவ்வளவு என்று எழுதவில்லை. 1953-இல் நீதிமன்றம் சந்தை மதிப்புக்கு நிகரானது என்று பொருள் கொண்டது. 1955-இல் திருத்தம் வந்தது. கடைசியில் 1978-இல் சொத்துரிமையே அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போனது.

இடம் மாற்றி வைத்தல்: கிராம ஊராட்சி

ஒரு கோரிக்கையை மறுக்கவும் முடியவில்லை, கட்டாயமாக்கவும் முடியவில்லை என்றால், அதை நான்காம் பாகத்துக்கு அனுப்பலாம். அரசுக் கொள்கையின் வழிகாட்டு நெறிகள் இருக்கும் பாகம் அது. 37-ஆம் பிரிவு சொல்வது: இந்த நெறிகள் நாட்டின் ஆட்சிக்கு அடிப்படை, ஆனால் இவற்றுக்காக நீதிமன்றம் போக முடியாது. அயர்லாந்தின் 1937 சாசனத்திலிருந்து எடுத்த உத்தி.

காந்தியவாதிகள் கிராமத்தையே ஆட்சியின் அடித்தளமாக வைக்கக் கேட்டார்கள். வரைவில் கிராம ஊராட்சி என்ற சொல்லே இல்லை. கிராமம் அறியாமையும் சாதியப் பிடிப்பும் நிறைந்த இடம் என்பது அம்பேத்கரின் உறுதியான கருத்து, 1948 நவம்பர் 4 உரையில் அதை மறைக்காமல் சொன்னார். எதிர்ப்புக் கிளம்பியது. அதே மாதம் 22-இல் கே.சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் ஏற்றார். அதுதான் 40-ஆம் பிரிவு: அரசு கிராம ஊராட்சிகளை அமைக்க நடவடிக்கை எடுக்கும். ஒரே வாக்கியம். தேர்தல் எப்போது, நிதி எங்கிருந்து, யாருக்கு ஒதுக்கீடு, எதுவும் இல்லை.

இந்தக் கருவியின் பலவீனம் இதுதான். அதில் கெடுவும் இல்லை, சாவி யார் கையில் என்றும் இல்லை. ஒரு மாநில அரசு ஊராட்சித் தேர்தலைப் பல ஆண்டுகள் நடத்தாமல் விட்டாலும் 40-ஐக் காட்டி வழக்குப் போட முடியாது. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தபின்தான் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், தலைவர் பதவியில் ஒதுக்கீடு எல்லாம் கட்டாயமாயின.

கட்டாயமானதும் அம்பேத்கரின் அச்சம் எவ்வளவு உண்மை என்பது மதுரை மாவட்டத்திலேயே தெரிந்தது. 1996-இல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவர் ஒருவர் முறையாகத் தேர்வாகிப் பணியாற்ற முடியாமல் ஆதிக்கச் சாதியினர் ஆண்டுக்கணக்கில் தடுத்தார்கள், 2006-இல்தான் நிலைமை மாறியது. மேலவளவில் தேர்வான தலைவர் முருகேசன் 1997-இல் உடனிருந்தவர்களோடு கொல்லப்பட்டார். சந்தானத்தின் கோரிக்கையும் நியாயம், அம்பேத்கரின் எச்சரிக்கையும் நியாயம். 40-ஆம் பிரிவு இரண்டையும் ஒரு வாக்கியத்துக்குள் அடக்கி, தீர்வை நாற்பது ஆண்டு தள்ளிவைத்தது.

பூட்டும் சாவியும் வேறு வேறு கையில்

மூன்றாம் பிரிவு புதிய மாநிலம் அமைக்க, எல்லை மாற்ற, பெயர் மாற்ற அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் பாராளுமன்றத்துக்கு மட்டும், அதுவும் சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், சம்மதம் தேவையில்லை. பிரிவினையின் காயம் ஆறாத நேரத்தில் மொழிவாரி மாநிலம் அமைப்பதை உடனே செய்ய முடியாது என்று தார் ஆணையமும் நேரு, பட்டேல், பட்டாபி குழுவும் சொன்னதால், கேள்வியைச் சாசனத்துக்குள் தீர்க்காமல் எளிதாகத் திறக்கும் ஒரு கதவு மட்டும் வைத்தார்கள். 1953-இல் ஆந்திரமும் 1956-இல் மொழிவாரி மாநிலங்களும் அந்தக் கதவு வழியே வந்தன. ஆந்திரத்துக்காக உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிர் அதற்கு விலையானது.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு விருதுநகரில் 1956 ஜூலை 27-இல் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார், அக்டோபர் 13-இல் மதுரையில் மருத்துவமனையில் இறந்தார். மூன்றாம் பிரிவின்படி சென்னைச் சட்டமன்றம் அன்றே ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தாலும் பெயர் மாறியிருக்காது. சட்டமன்றம் 1967 ஜூலையில் தீர்மானம் போட்டது, 1968-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது, 1969 ஜனவரி 14-இல் பெயர் மாறியது. கேட்பவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் வேறொருவர் என்றால் கால தாமதம் அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

நீங்களே ஒரு பிரிவைப் பிரித்துப் பார்க்க

சாசனத்தின் தமிழ்ப் பதிப்பையும் விவாதத் தொகுதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரிவு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் பாகத்தில் இருந்தால் நீதிமன்றம் போகலாம், நான்காம் பாகத்தில் இருந்தால் முடியாது. அடுத்து வினைச்சொல், "செய்யலாம்" என்கிறதா, "செய்ய வேண்டும்" என்கிறதா. பிறகு "ஆயினும்", "எவ்வாறு இருப்பினும்", "பாராளுமன்றம் சட்டத்தினால் வேறுவகையாக வகைசெய்யும் வரை" போன்ற தொடர்கள். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைச் சமாதானப்படுத்தச் சேர்த்த வாசகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டுக் கணக்கு இருந்தால், அந்த ஆண்டு முடிந்ததும் என்ன ஆகும் என்று அதே பிரிவு சொல்கிறதா என்று தேடுங்கள்.

விவாதத்தைத் தேடும்போது எண் குழப்பம் வரும். 1948-49 விவாதங்களில் வரைவின் எண்தான் இருக்கும். இன்றைய 16 அப்போது 10. இன்றைய 17 அப்போது 11. பேச்சுரிமை தரும் 19 அப்போது 13, உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21 அப்போது 15. கிராம ஊராட்சியின் 40 அப்போது 31-ஏ, மொழிப் பிரிவுகள் 301-ஏ முதல். இறுதி எண்ணை வைத்துத் தேடினால் வேறு ஏதோ ஒரு பிரிவின் விவாதத்தில்தான் போய் நிற்பீர்கள்.

முதல் முயற்சிக்கு 25, 26 பிரிவுகளை எடுக்கலாம். 25(1) மதச் சுதந்திரம். 25(2)(ஆ) இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம் என்கிறது, 1939-இல் மீனாட்சி கோயிலில் நடந்ததைச் சட்டமாகப் பாதுகாக்கும் வாசகம். 26(ஆ) ஒவ்வொரு சமயப் பிரிவும் தன் மத விவகாரங்களைத் தானே நிர்வகிக்கலாம் என்கிறது. ஒரு சமயப் பிரிவின் கோயில் "எங்கள் மத விவகாரம்" என்று சொல்லிக் கதவை மூடினால் எது ஜெயிக்கும்? வாசகத்தில் பதில் இல்லை. பழைய சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்து மூல்கிக் கோயில் வழக்கில், 1958-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. கதவு திறந்தே இருக்க வேண்டும், அந்தப் பிரிவினருக்கே உரிய சில சடங்கு நேரங்களில் மட்டும் மற்றவர்களை நிறுத்திவைக்கலாம், அந்த நேரங்கள் பொதுமக்களின் நுழைவுரிமையே இல்லை என்று ஆகிவிடும் அளவுக்குப் பெருகக் கூடாது. இரண்டு பிரிவுகளையும் எதிரெதிரே எழுதிவைத்து, எந்தத் தரப்பு யாருக்காகச் சேர்த்தது என்று குறித்துவிட்டு, அந்தத் தீர்ப்பைப் படியுங்கள்.